எஸ், டாலர் போல

மே மாதத்திலும் கராகோலில் ஜன்னல் வியர்க்கும்.
ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே
சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகை.
முழுக் கணினியும் அதற்குள்தான்.
மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில்,
பனியாற்று ஏரிக்கரையில், தகரப் பெட்டிக்குள் இருந்து
நீர்மட்டம் சொல்லிக்கொண்டிருந்தது.
பிப்ரவரி ஒன்பதில் பேச்சை நிறுத்தியது.
நானும் ஜெனிஷும் நிறுத்தியது ஜனவரியில்.

குளிர் தின்ற அட்டையைப் பிடுங்கிவிட்டுப்
புது அட்டையில் லினக்ஸை எழுதுகிறேன்.
எழுபத்தொரு சதவீதத்தில்
தேநீர் ஆறிப்போனது.

பிறகு சாவி.
ஒரு கட்டளைக்கு இரண்டு கோப்புகள் பிறக்கும்.
ஒன்றைப் பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது.
மற்றதைச் சந்தைக் கம்பத்தில் ஒட்டினாலும் கேடில்லை.
பூட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டுச்
சாவியை மடியில் முடிந்துகொள்ளும் ஏற்பாடு.

அனுமதி மறுக்கப்பட்டது, என்றது.
மறுபடியும்.
மறுபடியும்.
கண்டவர் கையும் படும்படி
கோப்பைத் திறந்து போட்டிருக்கிறேன்.
அப்படிப்பட்ட பட்டியலை அது நம்பாதாம்.
நியாயம்தான்.
உரிமையை அறுநூறு என்று இறுக்கியதும்
ஒரு சொல் கேளாமல் உள்ளே விட்டது.

கடவுச்சொல் வாசலை அடைக்குமுன்
இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துக்கொண்டேன்.
போன ஆண்டு பார்க்காமல் அடைத்துவிட்டு
ஒரே ஒரு வரியைத் திருத்த
ஆறு மணிநேரம் மலையேறினோம், இரண்டு பேரும்.
வழியெல்லாம் சிரித்தான்.
அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

பட்டியலில் இப்போது என் வரி மட்டும்.
பழைய மின்னஞ்சலில் அவனுடையது கிடக்கிறது:
வாயில் நுழையாத நீண்ட எழுத்துக்குவியல்,
கடைசியில் அவன் பெயர்,
அதை ஒட்டி அவன் மடிக்கணினியின் பெயர், அக்தோஷ்.
எங்கள் நாயின் பெயரைத்தான் வைத்திருந்தான்.
நாய் இப்போது அவனோடு.

வீட்டுப் பூட்டை மாற்ற நாற்பது நிமிடமும்
எண்ணூறு சோமும் ஆயிற்று.
இங்கே செலவே இல்லை.
ஒட்டாமல் விட்டால் போதும்.

ஆனால் ஜூலையில் ஒரு நடுநிசியில்
பாறைக்கரை உடைந்தால்?
நான் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் இருந்தால்?
கீழே நாற்பத்திரண்டு கூரைகள்.
அந்நேரம் விழித்திருப்பவன் அவன் ஒருவன்தான்;
தூக்கம் வராதது எங்கள் சண்டைகளில் பாதி.

ஒட்டினேன்.
சேமித்தேன்.

புதன்கிழமை தூலேகனின் குதிரையில் ஏற்றிப் போய்
பெட்டிக்குள் வைத்து,
இறுகாத திருகாணியைக் கல்லால் தட்டி,
இறங்கினேன்.

வெள்ளி இரவு தொலைபேசி.
"அக்தோஷ் கத்துகிறது" என்றான், எடுத்ததும்.
"எந்த அக்தோஷ்?"
"கணினி. மறுமுனை மாறிவிட்டதாம்.
நான் அறிந்தது இது அல்லவாம்.
நடுவில் யாரோ நின்று ஒட்டுக்கேட்கலாமாம்."
"யாருமில்லை. புதிதாக நிறுவினேன்."
"அப்படியானால் கைரேகையைப் படி."

நிறுவிய இரவே குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.
நாற்பத்து மூன்று எழுத்துகள்.
பெரிய கே. ஏழு. சின்ன டபிள்யூ.
எஸ், டாலர் போல.
பெரியதா?
சின்னது.
சாய்கோடு. பூஜ்யம், ஓ அல்ல.
ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான்.
பத்தொன்பதாவதில் நிஜ அக்தோஷ் குரைத்தது.
அதைப் பற்றி
நான் கேட்கவில்லை,
அவன் சொல்லவுமில்லை.
இருபதாவது, பெரிய ஆர்.

"பொருந்துகிறது. பழைய வரியை நீக்கவா?"
"நீக்கு. அது செத்த அட்டையினுடையது."

விசைகள் தட்டும் ஓசை.
ஆமென்று எழுத மூன்று, நுழைய ஒன்று.

"இரண்டு மீட்டர் பதினான்கு" என்றான்.
என் திரையைப் பார்த்தேன்.
"இங்கேயும்."